சோனி ஏ7ஆர் 5: பட்டுக்கும் கல்லுக்கும் 61 மெகாபிக்சல்

சோனி ஏ7ஆர் 5 வாங்கலாமா என்று கேட்டு வருகிற போட்டோகிராபர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்க படம் கடைசியில எதுல அச்சாகுது?" என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இந்தக் கேமரா வேண்டுமா வேண்டாமா என்பது பாதி தெளிந்துவிடும்.

நான் கும்பகோணத்தில் ஸ்டுடியோ நடத்துகிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாண வேலை. மற்ற நாட்களில் திருபுவனம் பட்டுக்கான கேட்லாக், சுவாமிமலை ஸ்தபதிகளின் ஐம்பொன் சிலைகள், நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள், அப்புறம் கோவில் சிற்பங்களை ஆவணப்படுத்துகிற ஆய்வாளர்களுக்கான வேலை. எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கேமராதான். அதனால் ஒரு வேலைக்குப் பொன்னாக இருப்பது இன்னொரு வேலைக்கு வெறும் சுமையாக இருப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் பக்கம் வழக்கத்தில் இருப்பது 12க்கு 36 அங்குல ஆல்பம். ஆல்பம் அச்சிடுகிற லேப்பில் கேட்பது 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி. ஒரே படத்தை விரிப்பு முழுக்க, அதாவது விரித்த இரண்டு பக்கமும் நிறையப் போட வேண்டுமானால் 10,800 புள்ளி அகலம் தேவை. 24 மெகாபிக்சல் (அதாவது 240 லட்சம் புள்ளி) கேமராவின் படம் 6,000 பிக்சல் அகலம் என்பதால் அங்குலத்துக்கு 166 புள்ளிதான் தேறும். ஏ7ஆர் 5 எடுக்கிற படம் 9,504 பிக்சல் அகலம், 264 புள்ளி வரும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புடவைக் கரையிலும் மாலைப் பூவிலும் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் ஒரு ஆல்பத்தில் விரிப்பு முழுக்கப் போகிற படங்கள் எத்தனை இருக்கும்? தாலி கட்டும் நேரத்துப் படம், இரண்டு குடும்பமும் மேடையில் நிற்கிற படம், இன்னும் ஒன்றிரண்டு. மீதியெல்லாம் ஏழெட்டு அங்குல அகலத்துக்குள் அடங்குகிறவை. அவற்றுக்கு 24 மெகாபிக்சலே மிச்சம். மண்டப வாசலில் கட்டுகிற ஃப்ளெக்ஸுக்கு அதுகூட வேண்டாம், தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிற படத்துக்கு 6 மெகாபிக்சல் போதும்.

இந்த மெகாபிக்சல் எண்ணிக்கை எப்படி ஏறியது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தவை வெறும் 10,000 பிக்சல்கள். 1999இல் வந்த நிகான் டி1இல் 2.7 மெகாபிக்சல், 2004இல் டி70இல் 6, 2008இல் கேனான் 5டி மார்க் 2இல் 21, 2012இல் நிகான் டி800இல் 36. சோனி 2019இல் ஏ7ஆர் 4இல் 61ஐத் தொட்டது. 2022இல் ஏ7ஆர் 5 வந்தபோதும் அதே 61தான். எண்ணிக்கையை ஏற்றாமல் அதைச் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் மாற்றினார்கள்: கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரத் தனிச் செயலி, 8 ஸ்டாப் (ஷட்டர் வேகத்தின் 8 படிகள்) வரை தாங்கும் என்று சொல்லப்படுகிற அசைவுத் தடுப்பு, எப்பக்கமும் மடங்கித் திரும்புகிற திரை, கேமரா பதிந்ததை அப்படியே வைக்கிற ரா கோப்பைத் தரம் குறையாமல் சுருக்குகிற வசதி. இந்தக் கேமராவின் பெருமையே இதில்தான் இருக்கிறது என்பேன். 61 மெகாபிக்சலைச் சும்மா வைத்திருப்பது வேறு, அதை முழுசாக வசூல் செய்வது வேறு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 24இலிருந்து 61க்குப் போனால் பிக்சல் இரண்டரை மடங்கு கூடுகிறது. அகலத்தில் பார்த்தால் 6,000 என்பது 9,504 ஆகிறது, அதாவது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கண் பார்ப்பது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

சரி, கல்லுக்கு வருகிறேன். இந்தக் கேமராவை நான் வாங்கியதே கல்லுக்காகத்தான்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோவிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ராஜகம்பீரன் மண்டபத்தின் கல்சக்கரத்தையும் குதிரையையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் பட்டை போல ஓடுகிற பெரியபுராணச் சிற்பங்களைப் பார்க்க முழங்காலிட்டுக் குனிய வேண்டும். ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு கட்டத்துக்குள் ஒரு நாயன்மாரின் கதை. கும்பகோணம் நாகேசுவரன் கோவிலின் ராமாயணச் சிற்பங்களும், பசுபதிகோவிலுக்குப் பக்கத்தில் புள்ளமங்கையில் இருப்பவையும் இன்னும் சிறியவை, உள்ளங்கை அகலம்தான். ஆயிரம் வருஷமாக வெயிலும் மழையும் எண்ணெயும் சுண்ணாம்பும் பட்ட கருங்கல்.

30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சிற்பக் கட்டத்தைச் சட்டம் நிறைய எடுத்தால், இந்தக் கேமராவில் கல்லின் ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதுக்கு மேல் பிக்சல் விழுகிறது. 24 மெகாபிக்சலில் இருபது. இந்த இடத்தில் அந்த ஒன்றரை மடங்கு உண்மையாகவே வேலை செய்கிறது. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கிற தாராசுரம் சிற்பத்தைக் காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுத்து, திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். எந்த விளிம்பு தேய்ந்து மழுங்கியது, எந்த விளிம்பைச் சிற்பி வேண்டுமென்றே உருட்டினார் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. உளி பட்ட புள்ளிகளும் பின்னால் கல் பொரிந்த குழிகளும் தனித்தனியாகத் தெரிந்தன. கோவிலுக்கு வர முடியாத ஆய்வாளர் வீட்டிலிருந்தே இதைப் படிக்கலாம். பத்து வருஷம் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுத்தால், கல் எவ்வளவு போயிருக்கிறது என்று ஒப்பிடலாம். சுண்ணாம்பு சுரண்டுகிறேன் என்று மணல் பீய்ச்சிக் கல்லின் முகத்தையே கெடுத்த கோவில்களைப் பார்த்தவள் நான். இருப்பது இருக்கும்போதே நுணுக்கமாகப் பதிவாக வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது.

மடங்குகிற திரையின் அருமை இங்கேதான் தெரிகிறது. தரையோடு தரையாக இருக்கிற அடித்தளச் சிற்பத்துக்குக் கேமராவைக் கீழே வைத்துத் திரையை மேலே திருப்பிக்கொள்ளலாம், சூடான தளத்தில் படுக்க வேண்டாம். செங்குத்தாக எடுக்கும்போதும் திரை முகம் பார்க்கத் திரும்புகிறது.

இதில் பிக்சல் ஷிஃப்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, 61 மெகாபிக்சல் என்பதில் எத்தனை பிக்சல் எந்த நிறத்தைப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். ஒளியைப் பதிகிற சில்லான சென்சாரின் ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒரு நிற வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த ஏற்பாடு அது. பாதி பிக்சல் பச்சையை மட்டும் பார்க்கும், கால் பங்கு சிவப்பை, கால் பங்கு நீலத்தை. மீதி நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களிடமிருந்து கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஆக, சிவப்பைப் பொறுத்தவரை இது 15 மெகாபிக்சல் கேமராதான். பிக்சல் ஷிஃப்டில் சென்சாரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி 4 படம் எடுத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறமும் நிஜமாகவே பதிவாகும். அரைப் பிக்சல் நகர்த்தி 16 படம் எடுத்தால் 240 மெகாபிக்சல் படம் கிடைக்கும். கணினியில் சோனியின் மென்பொருளில் சேர்க்க வேண்டும். கல் அசையாது என்பதால் சிற்பத்துக்கு இது மிகவும் ஏற்றது.

ஆனால் கேமராவும் அசையக் கூடாது. தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள கோவில்களில் முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கையில் இல்லாமல் பிக்சல் ஷிஃப்டை நம்பிப் போகாதீர்கள். கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். 90 மி.மீ. லென்ஸுக்கு நொடியில் 90இல் ஒரு பங்கு போதும் என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. இந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 3.8 மைக்ரான்கூட இல்லை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 24 மெகாபிக்சலில் அது 6 மைக்ரான். அங்கே மறைந்துபோன கை நடுக்கம் இங்கே அப்படியே தெரியும். அசைவுத் தடுப்பு நிறையவே காப்பாற்றுகிறது, இருந்தாலும் நான் 200இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதில்லை.

தஞ்சாவூர்ப் பெரிய கோவிலில் வேறொரு எல்லை வருகிறது. 200 அடிக்கு மேல் எழுந்து நிற்கிற விமானத்தின் மேல்நிலைச் சிற்பங்களை டெலி லென்ஸில் எடுக்கும்போது, பத்து மணி வெயிலுக்கு மேல் எந்த மெகாபிக்சலும் உதவாது. பிரகாரத் தளம் சூடேறி, அதன் மேல் காற்று அலையடிக்கத் தொடங்கிவிடும். கேமரா, லென்ஸ், முக்காலி எல்லாம் சரியாக இருந்தாலும் படம் தண்ணீருக்குள் இருப்பது போலக் குழையும். குறைந்த பிக்சலில் இது தெரியாமல் போயிருக்கும், 61இல் அப்பட்டமாகத் தெரியும். நடை திறந்த கையோடு, தளம் குளிர்ந்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பனி விலகியதும் கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் எனக்குப் பிடித்தது.

அடுத்தது பட்டு. நெசவு என்பது பாவும் ஊடையும் ஒரே சீராகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது. சென்சாரும் அதே போல ஒரு சீரான கட்டம். இழையின் நெருக்கமும் பிக்சலின் நெருக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வரும்போது இரண்டும் மோதி, புடவையில் இல்லாத வண்ண அலைகள் படத்தில் வந்துவிடும். மாய்ரே என்பார்கள். முன்பு நான் வைத்திருந்த வேறொரு கேமராவில் எடுத்த கேட்லாக்கைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "என்னம்மா, மாம்பழக் கலர்ல பச்சை ஓடுது, பார்க்கிறவங்க சாயம் கலந்துடுச்சுன்னு நினைப்பாங்களே" என்றார். அவர் கவலை நியாயமானது. படத்தைப் பார்த்துப் புடவை வாங்குகிற காலத்தில் அது வியாபாரத்தையே கெடுக்கும்.

பழைய கேமராக்களில் இதைத் தடுக்கச் சென்சார் முன்னால் ஒரு மெல்லிய வடிகட்டி இருக்கும், படத்தைத் துளி மங்கலாக்கும். மெகாபிக்சல் ஏற ஏற, இனித் தேவையில்லை என்று பல கேமராக்களில் அதை எடுத்துவிட்டார்கள். ஏ7ஆர் 5இலும் கிடையாது. அதனால் கூர்மை அதிகம், மாய்ரேயும் முழுசாகப் போய்விடவில்லை. அது வருகிற தூரம் மாறியிருக்கிறது. முழுப் புடவையும் தெரிய எடுத்தால் சில நெசவில் வருகிறது. முந்தானையை மட்டும் நெருங்கி எடுத்தால் இழையே தனித்தனியாகத் தெரிவதால் வருவதில்லை. ஒரு அடி முன்னே பின்னே நகர்ந்தாலும் ஓடிவிடும். முக்காலியில் வைத்து 4 படப் பிக்சல் ஷிஃப்டில் எடுத்தால் வண்ண அலை ஏறக்குறைய அறவே இல்லை. நான் செய்கிற இன்னொரு வழி, லென்ஸ் துவாரத்தை எஃப் 11க்கு அல்லது எஃப் 13க்குச் சுருக்குவது (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்). ஒளி சின்னத் துவாரத்தில் புகும்போது விரிந்து பரவும், எஃப் 11இல் ஒரு புள்ளி ஏறக்குறைய 15 மைக்ரான் வட்டமாகிவிடும், அதாவது நான்கு பிக்சல் அகலம். எடுத்துவிட்ட வடிகட்டியின் வேலையை அந்தப் பரவலே செய்துவிடுகிறது.

அதே பரவல் ஐம்பொன் சிலைக்குக் கெடுதல். நடராஜர் என்றால் தூக்கிய பாதம் ஒரு தூரம், முகம் ஒரு தூரம், பின்னால் திருவாசி ஒரு தூரம். மூன்றும் கூர்மையாக வேண்டும் என்று முன்பெல்லாம் எஃப் 16 வைப்போம். இந்தச் சென்சாரில் எஃப் 16 வைத்தால் முகம் முதற்கொண்டு எல்லாமே சற்று மழுங்கிவிடுகிறது, 61 மெகாபிக்சல் வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகிறது. எஃப் 5.6இல் வைத்து, முன்னிருந்து பின்னாகக் குவியத்தைத் தானாகவே நகர்த்திப் பல படம் எடுக்கிற வசதி ஏ7ஆர் 5இல் இருக்கிறது. அவற்றைக் கணினியில் ஒன்றாக அடுக்கினால், உருக்கி வார்த்த பிறகு அரமும் உளியும் கொண்டு செதுக்கிய விரல் நகம்வரை தெரிகிறது. ஸ்தபதி ஒருவர் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, "இங்க இன்னும் ஒரு இழைப்பு போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சிலையை மறுபடி எடுத்துக்கொண்டு போனார்.

லென்ஸ் பற்றிச் சுருக்கமாக: பழைய லென்ஸை மாட்டி ஏமாற வேண்டாம். நடுப்பகுதி தாங்கும், ஓரம் தாங்காது. மிக நெருங்கி எடுப்பதற்கான சோனியின் 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இந்தச் சென்சாருக்கு ஈடு கொடுக்கிறது, என் வேலையில் பெரும்பகுதி அதில்தான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது நம் ஊர்ப் பிரச்சினை. லேசான பூஞ்சைப் படலம்கூட இந்தச் சென்சாரில் வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான வேறுபாட்டைக் குறைப்பது தெரியும். ஈரம் உறிஞ்சும் பெட்டி வாங்காமல் இந்தக் கேமராவை வாங்காதீர்கள்.

இனிக் கோப்பு அளவு. சுருக்காத ரா ஒன்று 120 எம்பியைத் தாண்டும். தரம் குறையாமல் சுருக்கினால் 70, 80 எம்பி. மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்று இரண்டு நாள் கல்யாணத்தில் நாலாயிரம் படம் சாதாரணம், அப்படியானால் ஒரே கல்யாணம் 300 ஜிபி. அதை இரண்டு டிஸ்க்கில் வைத்தால் 600. முகூர்த்த மாதம் முழுக்க எடுத்தால் டிஸ்க் வாங்கியே காசு கரையும். என் உதவியாளர் பெண், "அக்கா, கார்டு நிறைஞ்சிடுச்சு" என்று வந்து நிற்கிற நேரம் பெரும்பாலும் தாலி கட்டுவதற்கு முந்தைய கால் மணி நேரமாக இருக்கும். இதற்குக் கேமராவிலேயே மருந்து இருக்கிறது. சுருக்கிய ராவை 26 மெகாபிக்சல் அளவிலும் 15 மெகாபிக்சல் அளவிலும் பதியலாம். கல்யாணத்தை 26இல் எடுங்கள், விரிப்புக்குப் போகிற படங்களுக்கு மட்டும் 61க்கு மாற்றுங்கள். ஒரு பொத்தானில் வைத்துக்கொண்டால் ஒரு நொடி வேலை. 26இல் இன்னொரு நன்மை, மணப்பெண்ணின் கன்னத்தில் பவுடர் வெடித்திருப்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டாது. 61இல் அதையெல்லாம் திருத்த உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

கணினியும் மாற வேண்டியிருக்கும். 16 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டியில் ரா கோப்பு ஒவ்வொன்றும் திறக்கத் திணறியது. 64 ஜிபியும் வேகமான எஸ்எஸ்டியும் போட்ட பிறகுதான் படம் தேர்ந்தெடுக்கிற வேலை பழைய வேகத்துக்கு வந்தது. விலை பார்க்கும்போது, அறிமுகமானபோதே மூன்று லட்சத்தைத் தாண்டிய கேமராவோடு இதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்தில் பயன்படுத்துவதில்லை. இவ்வளவு பிக்சலையும் வரிவரியாகப் படித்து முடிக்க ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி ஆகிறது. வாசிப்பு மெதுவான எந்தச் சென்சாரிலும் மினுக்குகிற எல்இடி விளக்கு பட்டை பட்டையாக விழும், வீசுகிற அட்சதையும் சாய்ந்து தெரியும். மெக்கானிக்கல் ஷட்டரில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு, மேளச் சத்தத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது? கோவிலில் அர்த்தஜாமப் பூஜையில் எடுக்க நேர்ந்தால் மட்டும் சத்தமில்லாத ஷட்டரை வைக்கிறேன், அங்கே தீபம்தான் வெளிச்சம், ஆட்களும் அசையாமல் நிற்பார்கள்.

இருட்டில் பிக்சல் சின்னதாக இருந்தால் புள்ளி புள்ளியாக வருமே என்று கேட்பார்கள். ஒரு பிக்சலை மட்டும் எடுத்துப் பார்த்தால் உண்மைதான். ஆனால் படத்தை ஒரே அளவில் அச்சிடும்போது பல பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகிவிடுவதால் 24 மெகாபிக்சலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சென்சாரின் வயரிங்கைப் பின்பக்கம் கொண்டுபோன அமைப்பும் ஒளியை வீணாக்காமல் இருக்க உதவுகிறது. ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றி எடுத்த படத்தையும் கவலையில்லாமல் ஆல்பத்துக்குக் கொடுக்கிறேன்.

பெண் வீட்டார் அடிக்கடி கேட்பது, "எங்க பையன் போன்லயே 200 மெகாபிக்சல் இருக்கே, உங்களுதுல 61தானா?" கேட்பதில் தப்பில்லை. 2023இல் வந்த கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் 200 மெகாபிக்சல் இருப்பது உண்மை. அதில் ஒரு பிக்சல் 0.6 மைக்ரான். வழக்கமாக அந்த போன் 16 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கிறது. ஆல்பத்தைத் திறந்து முந்தானைச் சரிகையைக் காட்டினால் மேலே பேச்சு இருக்காது.

கல்யாணம் மட்டுமே செய்கிறவர்களுக்கு என் பரிந்துரை 24 அல்லது 33 மெகாபிக்சல் கேமராவும், மிச்சப் பணத்தில் நல்ல லென்ஸும். பட்டு, நகை, சிலை, ஓவியம், சிற்பம் என்று பொருளைப் பெரிதாக்கிப் பார்க்கிற வேலை உள்ளவர்கள் தயங்காமல் ஏ7ஆர் 5 வாங்கலாம். பட்ஜெட் இடித்தால் செகண்ட் ஹேண்டில் ஏ7ஆர் 4 பாருங்கள். பிக்சல் எண்ணிக்கை ஒன்றுதான், குவிய அடுக்கு வசதியும் திரும்புகிற திரையும் சின்ன ராவும் இருக்காது.

வாங்குமுன் திருச்சியிலோ சென்னையிலோ ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் லென்ஸையே மாட்டி, உங்கள் வேலையையே எடுத்து, உங்கள் கணினியிலேயே திறந்து, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கிற லேப்பிலேயே ஒரு விரிப்பு அச்சிட்டுப் பாருங்கள். அந்த விரிப்பைப் பழைய கேமராவின் விரிப்போடு பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கப் போனால் போதும்.